தெருவுக்கும் மன்றத்துக்கும் நடுவே

2016 அக்டோபர் கடைசியிலிருந்து 2022 மார்ச் தொடக்கம்வரை தமிழ்நாட்டின் எந்த மாநகராட்சியிலும் நகராட்சியிலும் பேரூராட்சியிலும் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. பழைய மன்றங்களின் காலம் முடிந்துவிட்டது. இடஒதுக்கீட்டு முறை சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று தொடுக்கப்பட்ட வழக்கில், தேர்தல் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 அக்டோபர் 4 அன்று ரத்து செய்தது. அதன்பிறகு வார்டு மறுவரையறை என்றார்கள், அது முடியவில்லை என்றார்கள், ஆண்டுகள் போயின. அந்த இடைவெளியில்தான் வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்தது. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2020இல் கொரோனா வந்தபோது தெருக்களைத் தகரம் வைத்து அடைத்தார்கள். எந்தத் தெருவை அடைப்பது, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி முதலில் போவது என்று முடிவு செய்தவர்களில் அந்த வார்டு தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆள் ஒருவரும் இல்லை.

மன்றத்தின் அதிகாரம் தனி அலுவலர் கையில் இருந்தது. சென்னையில் ஆணையரே தனி அலுவலர். ஆணையராக அவர் ஒரு செலவை முன்வைப்பார். தனி அலுவலராக அவரே அதை ஏற்றுத் தீர்மானம் எழுதுவார். சட்டப்படி இதில் தவறில்லை. அந்த ஆண்டுகளில் பொறுப்பிலிருந்த அதிகாரிகள் பலர் உண்மையாகவே உழைத்தார்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரே ஆகிவிட்டால், “எங்கள் பக்கத்துக்கு ஏன் இல்லை?” என்று நடுவில் எழுந்து கேட்பதற்கு ஆளில்லாமல் போகிறது. மன்றம் என்று ஒன்றை நாம் வைத்திருப்பதே அந்தக் கேள்விக்காகத்தான்.

என்னை வருத்துவது வேறொன்று. அந்த ஐந்தாண்டுகளில் கவுன்சிலர் வேண்டும் என்று கேட்டு எந்தத் தெருவும் திரண்டதாக எனக்கு நினைவில்லை. கட்சிகள் வழக்குப் போட்டன, பத்திரிகைகள் அவ்வப்போது எழுதின. மக்கள் பேசாமல் இருந்தார்கள். 2022 பிப்ரவரியில் தேர்தல் வந்தபோதும் சென்னையில் வாக்களித்தவர்கள் சுமார் 43 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் தெருவுக்கு மிக அருகிலுள்ள பதவியை யார் வகிக்க வேண்டும் என்பதில் அக்கறை காட்டவில்லை.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வீட்டு வாசலில் ஒரு லோடு மணல் இறங்கினால் மறுநாள் காலை யாரோ வந்து நிற்பார்கள் என்பது நம் நகரங்களில் வீடு கட்டிய எல்லோருக்கும் தெரிந்த கதை. போர்வெல் போட, மாடி எடுக்க, கடைக்கு முன்னால் கூரை இறக்க, எல்லாவற்றுக்கும் ஒரு தொகை உண்டு என்ற பேச்சு எல்லாக் கட்சிகளின் காலத்திலும் இருந்தது. எல்லாக் கவுன்சிலரும் அப்படியில்லை. ஆனாலும் அந்தப் பதவியின் பெயர் கெட்டுப்போக அப்படியானவர்கள் போதுமான அளவுக்கு இருந்தார்கள். மக்களின் வெறுப்பு அனுபவத்திலிருந்து வந்தது. அதை அறியாமை என்று சொல்ல மாட்டேன். அந்த வெறுப்பு எங்கே போய் முடிந்தது என்பதுதான் என் கவலை. கெட்ட கவுன்சிலரை மாற்ற வேண்டும் என்பதற்குப் பதிலாக, கவுன்சிலரே இல்லாவிட்டால் என்ன என்ற இடத்துக்கு நாம் வந்து சேர்ந்துவிட்டோம்.

இந்தப் பதவியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மதுரை வில்லாபுரத்தின் லீலாவதி நினைவுக்கு வருகிறார். கைத்தறி நெசவு செய்த பெண். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், மாதர் சங்கத்தில் வேலை செய்தவர். 1996 உள்ளாட்சித் தேர்தலில், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்ற விதி தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த அந்த முதல் தேர்தலில், மதுரை மாநகராட்சிக்கு வென்று போனார். நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருந்த வில்லாபுரத்தில் தண்ணீர் விலைக்குத்தான் கிடைத்தது. விற்றவர்களுக்கு ஆள்பலமும் அரசியல் பலமும் இருந்தன. மாநகராட்சித் தண்ணீர் குழாய் வழியாகத் தங்கள் தெருக்களுக்கு வர வேண்டும் என்று லீலாவதி நின்றார். புரட்சி என்று யாரும் பயப்படும்படியான கோரிக்கை இல்லை அது. மாநகராட்சி தன் கடமையைச் செய்ய வேண்டும் என்பது மட்டும்தான். பதவிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில், அவருடைய பகுதியிலேயே அவரை வெட்டிக் கொன்றார்கள்.

ஒரு வார்டு கவுன்சிலரைக் கொல்ல வேண்டிய அவசியம் ஏன் வருகிறது? அதிகாரமே இல்லாத பதவி, வெறும் அலங்காரம் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிற ஒன்றுக்காக யாரும் அரிவாளை எடுப்பதில்லை. ஒரு கவுன்சிலர் தன் வேலையைச் சரியாகச் செய்தால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்பது அந்தக் கொலைகாரர்களுக்குக் கணக்காகத் தெரிந்திருந்தது. லீலாவதி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எந்தத் தெருவில் எத்தனை குடம், குடம் என்ன விலை, யார் கையில் காசு போகிறது என்பது அந்தத் தெருவின் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்தச் செய்தியை மாநகராட்சி மன்றத்துக்குள் கொண்டுபோய் வைப்பதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார் என்பதுதான் புதிது.

கவுன்சிலரின் வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். தெருவுக்குத் தெரிந்ததை முடிவெடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது. அங்கே எடுத்த முடிவின் கணக்கைத் தெருவுக்குத் திருப்பிக் கொண்டுவருவது. இந்த வழி எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்த்தால் நம் உள்ளாட்சியின் கதை முழுவதும் தெரிந்துவிடும்.

ஒரு காலத்தில் அந்த வழி நன்றாகவே திறந்திருந்தது. சென்னை மாநகராட்சி 1688இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்படுத்தியது; அந்தப் பழைமையில் நமக்குப் பெருமைப்பட அதிகம் ஒன்றுமில்லை, வரி வசூலிக்க வெள்ளைக்காரர்கள் கண்ட ஏற்பாடு அது. உண்மையான கதை 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தொடங்குகிறது. பிட்டி தியாகராயர் மன்றத்தின் தலைவராக இருந்தபோது, 1920இல், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சிற்றுண்டி தர மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. பசியோடு இருக்கும் பிள்ளை பள்ளியில் தங்காது என்பது அந்தப் பகுதியைப் பார்த்த எவருக்கும் தெரியும். அது மன்றத்துக்குப் போனது, தீர்மானமானது, தட்டில் உணவானது. பிற்பாடு வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. ஆரம்பக் கல்விக்கான பணத்தை இப்படிச் செலவழிக்கக் கூடாது என்று மேலேயிருந்த அரசு தடை சொன்னதால் 1925இல் நின்றும் போனது. தமிழ்நாட்டின் மதிய உணவைப் பற்றிப் பேசும்போது முதலமைச்சர்களின் பெயர்களைச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். அதன் முதல் வரி ஒரு நகர மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் ஒன்றைத் தொடங்க, மேலே இருப்பவர் கையைப் பிடித்து நிறுத்துவது அப்போதே இருந்தது என்பதையும்.

சிங்காரவேலர் 1925இல் அந்த மன்றத்துக்கு உறுப்பினராகப் போனார். சத்தியமூர்த்தி 1939இல் மேயரானார். சென்னையின் தாகத்துக்குப் பூண்டி நீர்த்தேக்கம் வேண்டுமென்று போரின் நடுவிலும் விடாமல் நின்று, 1940இல் அடிக்கல் நாட்டச் செய்தார். அது 1944இல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. சென்னைக்கு வெளியே பார்த்தால், சேலம் நகராட்சித் தலைவராக ராஜாஜியும் ஈரோடு நகராட்சித் தலைவராகப் பெரியாரும் ஒரே காலத்தில் இருந்திருக்கிறார்கள். பின்னாளில் எதிரெதிர் திசையில் போன அந்த இருவருமே குடிநீரும் சாக்கடையும் பற்றிய கோப்புகளில்தான் பொதுவாழ்வின் பாடத்தைப் படித்தார்கள். இன்றைய தலைவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் படிப்பு வாய்த்திருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பிறகு 1973 வந்தது. மஸ்டர் ரோல் (கூலியாட்களின் வருகைப் பதிவேடு) ஊழல் என்று பெயர்பெற்ற விவகாரத்தில் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. ஊழல் நடந்தது, விசாரிக்க வேண்டியதுதான். தண்டிக்க வேண்டியவர்களைத் தண்டித்துவிட்டு ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ தேர்தல் நடத்தியிருக்கலாம். 1996வரை நடத்தவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள். மாறி மாறி வந்த ஆட்சிகள் எதற்கும் அது உறுத்தவில்லை. அந்தக் காலத்தின் தொடக்கத்தில் பிறந்த ஒரு பிள்ளை, கவுன்சிலர் என்ற ஒருவரைப் பார்க்காமலே வளர்ந்து கல்லூரி முடித்திருக்கும்.

இந்த இருபத்து மூன்று ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது, அதை நாம் அதிகம் பேசுவதில்லை. நகரத்தின் திட்டமிடல் எழுபதுகளின் நடுவில் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்குப் போனது. குடிநீரும் கழிவுநீரும் 1978இல் தனி வாரியமாயின. நிபுணர்கள் வேண்டும், பெரிய முதலீடு வேண்டும் என்று அதற்குச் சொன்ன காரணங்கள் பொய்யில்லை. ஆனால் நகரத்தின் தண்ணீரும் நிலமும் நகர மன்றத்தின் கையைவிட்டுப் போனபோது, அதை ஆதரிக்கவோ எதிர்க்கவோ மன்றமே இல்லை. சொந்தக்காரர் ஊரில் இல்லாத நேரத்தில் வீட்டைப் பாகம் பிரித்த மாதிரி நடந்து முடிந்தது. 1996இல் கவுன்சிலர்கள் திரும்பி வந்தபோது அவர்களுக்கு மிஞ்சியிருந்தவை குப்பை, தெருவிளக்கு, உட்சாலை, மழைநீர் வடிகால், பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, சிறு மருத்துவமனை, சுடுகாடு. இவை சிறியவை என்று சொல்லவில்லை. இவற்றில்தான் நம் அன்றாடம் இருக்கிறது. ஆனால் வடிகால் ஒருவரிடமும் கழிவுநீர்க் குழாய் வேறொருவரிடமும் இருந்தால், மழை பெய்யும் இரவில் இரண்டும் கலந்து வீட்டுக்குள் வரும்போது யாரைக் கேட்பது?

மக்கள் கவுன்சிலரைத்தான் கேட்கிறார்கள். காலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டுபவருக்கு எது எந்த வாரியம் என்ற கணக்கெல்லாம் கிடையாது.

“அக்கா, மூணு நாளா சாக்கடை பொங்கி வாசல்ல நிக்குது. பிள்ளைங்க எப்படி ஸ்கூலுக்குப் போவும்?”

“ஏ.இ. கிட்ட நேத்தே சொல்லிட்டேம்மா. வண்டி வேற டிவிஷன்ல நிக்குதாம். நான் இப்ப நேர்ல வரேன், நீ போ.”

இப்படி ஓர் உரையாடல் நடக்காத காலை எந்த நல்ல கவுன்சிலருக்கும் இருக்காது. அந்தப் பொறியாளர் அவருக்குக் கட்டுப்பட்டவரே இல்லை, வாரியத்தின் ஆள். முதியோர் உதவித்தொகைக்கு வருவார்கள், அது வருவாய்த் துறை. ரேஷன் கார்டுக்கு வருவார்கள், அது உணவு வழங்கல் துறை. மின்கம்பி தொங்குகிறது என்று வருவார்கள், அது மின்வாரியம். எதற்கும் அதிகாரம் இல்லாமல் எல்லாவற்றுக்கும் போன் போட்டுக் கெஞ்சுவதும் மிரட்டுவதுமாக ஒரு நாள் போகிறது. இதை எடுபிடி வேலை என்று படித்தவர்கள் இளக்காரமாகச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். அரசின் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாத ஒருவருக்குத் தட்டத் தெரிந்த ஒரே கதவு அது. ஆனாலும் இதோடு நின்றுவிட்டால் போதாது. ஒரு தெருவின் சாக்கடை மாதம் நான்கு முறை பொங்குகிறது என்றால், நான்கு முறை வண்டியை வரவழைப்பது உதவி. அந்தக் குழாயின் விட்டம் முப்பது வருடத்துக்கு முந்தைய மக்கள்தொகைக்குப் போட்டது, அதை மாற்ற இந்த ஆண்டு பட்ஜெட்டில் பணம் எங்கே என்று மன்றத்தில் எழுந்து கேட்பதுதான் பதவி.

மன்றக் கூட்டத்தைப் பார்வையாளராக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கேள்விக்கு அங்கே எவ்வளவு குறைந்த நேரம் கிடைக்கிறது என்று. தலைவர்களுக்கு நன்றியும் புகழும் சொல்லியே பாதி நேரம் தீர்ந்துவிடுகிறது. நேரமில்லா நேரத்தில் சிலர் தங்கள் வார்டுக் குறைகளை வேகவேகமாகச் சொல்கிறார்கள்; அதில் சிலது அருமையான பேச்சு, தெருப் பெயரும் கம்ப எண்ணும் சேர்த்துச் சொல்லும் பேச்சு. பிறகு டஜன் கணக்கான தீர்மானங்கள் ஒட்டுமொத்தமாக நிறைவேறுகின்றன. அவற்றின் தாள்களை முழுதாகப் படித்துவிட்டு வருகிற உறுப்பினர்கள் மிகச் சிலர். 2022 ஏப்ரலில், புதிய மன்றங்கள் பொறுப்பேற்று ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், சொத்துவரியை 25 முதல் 150 சதவீதம்வரை உயர்த்தும் அறிவிப்பு மாநில அரசிடமிருந்து வந்தது. பதினைந்தாவது நிதிக்குழுவின் நிபந்தனை என்று காரணம் சொல்லப்பட்டது. வரி பல ஆண்டுகளாக உயராமல் இருந்ததும் உண்மை. உயர்த்தியதே தவறு என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் நகரத்தின் சொந்த வரி என்று இருப்பதில் முக்கியமானது சொத்துவரி. அதன் விகிதம் கோட்டையில் முடிவாகி, மன்றத்துக்கு ஒப்புதலுக்காக மட்டும் வந்தது. தன் வார்டில் ஓட்டுவீட்டுக்காரர் என்ன கட்டுவார், அடுக்குமாடிக்காரர் என்ன கட்டுவார் என்று கணக்குப்போட்டு மாற்றுத் திட்டம் கொடுக்க எந்தக் கவுன்சிலருக்கும் இடமோ அவகாசமோ இருக்கவில்லை.

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நகரத் திட்டமிடல், குடிநீர், குடிசைப் பகுதி மேம்பாடு, வறுமை ஒழிப்பு உள்ளிட்ட பதினெட்டுப் பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்திய திருத்தம் அது. அவற்றை மாநிலங்கள் கொடுக்கலாம் என்றுதான் அது சொன்னது, கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. மாநில சுயாட்சிக்காக டெல்லியோடு இத்தனை காலம் வாதாடிய தமிழ்நாடு, அதே வாதத்தைத் தன் நகரங்கள் தன்னிடம் சொன்னால் காது கொடுத்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து பார்த்தால் டெல்லி எவ்வளவு தூரமோ, எழும்பூர் தெருவிலிருந்து பார்த்தால் கோட்டையும் அவ்வளவு தூரம்தான். பக்கத்துக் கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்டச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். அங்கேயும் குறைகள் உண்டு. ஆனால் அங்கே ஒரு வார்டு உறுப்பினர் பணத்தைப் பற்றிப் பேசும்போது, அது கையில் இருக்கும் பணமாக இருக்கிறது.

பணம் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 2023 ஜூலைவரை தமிழ்நாட்டின் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாத ஊதியம் என்று எதுவும் கிடையாது, கூட்டத்துக்கு வந்தால் கிடைக்கும் படிதான். இப்போது மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய், நகராட்சி உறுப்பினருக்கு 5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500. காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணிவரை ஊராருக்குக் கிடைக்க வேண்டிய ஒருவருக்கு இது போதுமா? சொத்து இருப்பவர், ஒப்பந்தத் தொழில் செய்பவர், அல்லது மணல் லோடு இறங்கும் வாசல்களைத் தேடிப் போகக் கூடியவர்தான் இந்தப் பதவியில் நிலைக்க முடியும். லீலாவதியைப் போன்ற ஒரு நெசவாளர் தறியை விட்டுவிட்டு எதை வைத்து அடுப்பெரிப்பார்? நேர்மையானவரை வேண்டும் என்கிறோம். நேர்மையானவர் சாப்பிடவும் வேண்டும்.

பெண்களைப் பற்றிய பேச்சு இங்கே உடனே வந்துவிடும். இன்று நம் நகர மன்றங்களில் பாதி இடங்கள் பெண்களுக்கு. பெயர்ப்பலகையில் மனைவி, நாற்காலியில் கணவர் என்ற குறை உண்மையானது; ஊராட்சிகளிலும் நகரங்களிலும் கண்கூடாகத் தெரிவது. அதைக் காட்டி இடஒதுக்கீடே வீண் என்பவர்களோடு என்னால் உடன்பட முடியாது. முதல் தடவை கணவரின் பின்னால் நின்றவர், ஏ.இ. யார், துப்புரவு ஆய்வாளர் யார், எந்தக் கோப்பு எந்த மேஜையில் நிற்கிறது என்று இரண்டே ஆண்டில் படித்துக்கொண்டு தானே பேசத் தொடங்கியதை நான் கண்டிருக்கிறேன். 2022இல் வேலூர் மாநகராட்சியில் திருநங்கை கங்கா நாயக் கவுன்சிலரானார். அதே ஆண்டு கும்பகோணத்தில் ஆட்டோ ஓட்டுநர் சரவணன் மேயரானார். சென்னையில் மேயரான இருபத்தெட்டு வயது பிரியா, அந்த நாற்காலிக்கு வந்த முதல் தலித் பெண். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் இவர்களைப் போன்றவர்கள் போக இன்னும் எத்தனை காலம் ஆகுமோ. கதவு இங்கே திறந்திருக்கிறது, அதனால் இந்த இடத்துக்கு உண்மையான அதிகாரம் வேண்டும் என்று இன்னும் அழுத்திக் கேட்கிறேன்.

வழியின் மறுபாதியை, அதாவது மன்றத்திலிருந்து தெருவுக்குத் திரும்பி வரும் பாதியை, நாம் இப்போதுதான் போடத் தொடங்கியிருக்கிறோம். கிராமசபை போல நகரத்திலும் சபை வேண்டும் என்பதற்கான சட்டத் திருத்தம் 2010இல் வந்தது. அதற்கான விதிகள் வரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 2022 நவம்பர் 1 அன்று, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சர் கலந்துகொள்ள, பகுதி சபைகள் தொடங்கின. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அங்குள்ள வாக்காளர்களைக் கூட்டிக் கவுன்சிலர் தலைமையில் பேசுவது ஏற்பாடு. எங்கள் பகுதியில் நடந்த ஒன்றுக்குப் போயிருந்தேன். பந்தல், நாற்காலி, மைக் எல்லாம் இருந்தன. மக்கள் மனுக்களைக் கொடுத்தார்கள். கவுன்சிலர் பொறுமையாக வாங்கினார். நல்ல கூட்டம்தான். ஆனால் கடந்த ஆண்டு இந்த வார்டில் எவ்வளவு செலவானது, எந்தத் தெருவில், யாருக்கு டெண்டர், இந்த ஆண்டு எவ்வளவு வரும், அதில் எதை முதலில் செய்வது என்ற கணக்கு மேஜைக்கு வரவே இல்லை. கேட்டவர்களும் இல்லை. ஒரு முதியவர் மட்டும், தெருமுனைப் பூங்காவுக்குப் போட்ட பணம் எவ்வளவு என்று கேட்டார். அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் ஐயா என்றார் கவுன்சிலர். அவரிடமும் அந்தத் தாள் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அந்தத் தாளைக் கவுன்சிலர் கையில் கொடுக்க வேண்டியது நிர்வாகம். ஒவ்வொரு வார்டின் வரவும் செலவும் ஒரே பக்கத்தில், தமிழில், பகுதி சபைக்கு ஒரு வாரம் முன்பு தெருமுனையில் ஒட்டப்பட வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தமோ பெரிய செலவோ தேவையில்லை. அப்படி ஒட்டிவிட்டால், கேள்வி கேட்பவர்களுக்குப் பிடிமானம் கிடைக்கும். ஒழுங்காக வேலை செய்யும் கவுன்சிலருக்கும் அதுவே பாதுகாப்பு.

இப்போதுள்ள மன்றங்கள் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்றவை. அவற்றின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243யு பிரிவு சொல்கிறது. எல்லைகள் மாறுகின்றன, புறநகர் ஊராட்சிகள் மாநகராட்சிகளோடு சேர்கின்றன, வார்டுகளை மறுபடி வரைய வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு முறையும் கிளம்பும். 2016இல் இடஒதுக்கீட்டு வழக்காலும் அதற்குப் பிறகு இந்த மாதிரிக் காரணங்களாலும்தான் தேர்தல் தள்ளிப்போனது. வரைய வேண்டியதை நேரத்தோடு வரைந்து, ஆட்சேபங்களைக் கேட்டு, இடஒதுக்கீட்டு வார்டுகளை முறைப்படி அறிவித்து, தேர்தல் தேதியைச் சொல்லுங்கள் என்று இந்த முறையாவது ஒவ்வொரு வார்டிலிருந்தும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு மனு போக வேண்டும். எங்கள் பகுதியில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒன்று எழுதியிருக்கிறோம். அடுத்த பகுதி சபையில் அதைத் தீர்மானமாக முன்வைக்கப் போகிறோம். கவுன்சிலர் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.